கிணற்றுக்கு நோவு இல்லை

காப்பி ஆறுவதற்குள் ஒரு மனுவைத் தீர்த்துவிடுவது என் வழக்கம். ஆறிய காப்பியும் தேங்கிய கோப்பும் எனக்கு ஆகாது. நிறுவனர்கள் விசாரிக்கச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் பொறியாளர், கணக்காகப் பேசினால் உங்களுக்குப் பிடிக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன் ஐயா.

திண்டுக்கல் தோல் மண்டிக்காரர்கள் சிலர் ஐம்பத்தெட்டில் இந்த ஆராய்ச்சி நிதியை ஏற்படுத்தினார்கள். செயலாளர், இருதயநாதன் ஆகிய நான். இயற்கை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் மட்டுமே நிதி. நோய் நொடி சம்பந்தப்பட்டதெல்லாம் மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும். எது எந்தப் பக்கம் என்று பிரிப்பது என் வேலை. பெரிய படிப்பாளிகள்கூட என் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபத்தொன்று தை மாதம் அமலராணி ஒரு மனுவோடு வந்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஓர் ஊரில் குடிக்க ஒரே ஒரு படிக்கிணறுதான். பெண்கள் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடம் முக்குவார்கள். காலில் நரம்புச்சிலந்தி என்கிற புழுநோய் வந்தவர்களும் அப்படித்தான். புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும். நீர்ப்பூச்சி அதை விழுங்கும், பூச்சியோடு தண்ணீரை ஊர் குடிக்கும், மறுவருஷம் இன்னும் பல கால்களில் புழு தலை நீட்டும். அந்தப் படியை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கயிறும் கப்பியும் போட்டால் பூச்சியில் புழு குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் அதிகம் பரவுகிறது, அதற்குள் தொடங்கியாக வேண்டும் என்று அவசரப்பட்டார்.

நல்ல மனுதான். ஆனால் முதல் பக்கத்திலேயே கால் வந்துவிட்டது. கால் மனிதனுடையது, ஆகவே மருத்துவம். திருப்பிக் கொடுத்தேன்.

காலை எடுத்துவிட்டு வந்தார். குடிநீர் என்று இருந்தது. குடிப்பது யார், மனிதர்கள். திருப்பினேன். மூன்றாவது தடவை மனித வாடையே இல்லாமல் பூச்சி, சுவர், கப்பி என்று மட்டும் எழுதிவந்தார். யாரும் குடிக்காத கிணற்றுக்குக் கப்பி எதற்கம்மா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது தடவை மூக்காயியைக் கூட்டிவந்தார். அந்த ஊர்க்காரி, முப்பது வயது இருக்கும். கணுக்காலில் துணிக்கட்டு, அதற்கு வெளியே ஒரு குச்சி, குச்சியில் நூல்போலச் சுற்றிய புழு. தினம் ஒரு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும், அறுந்தால் ஆபத்து என்றார்கள். நாற்காலி போடச் சொன்னேன். மரியாதையில் நான் குறை வைத்ததில்லை.

"நோவு எனக்குத்தான்யா. கிணத்துக்கு ஒரு நோவும் இல்ல. டீச்சரம்மா கிணத்தத்தானே பாக்கப் போறாக, அதுக்கு எதுக்கு ஆசுபத்திரிக் கடுதாசி?" என்றாள் மூக்காயி.

எந்தப் படிப்பாளியும் என்னிடம் இவ்வளவு தெளிவாக வாதாடியதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"மருத்துவக் குழுவுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்மா" என்றேன்.

"நல்லா இருப்பீக" என்று கும்பிட்டுவிட்டுக் காலிலிருந்த குச்சி படியில் இடிபடாமல் பார்த்து இறங்கிப் போனாள்.

அதே வாரம் இன்னொரு மனு வந்தது. உண்ணி கடித்து ஆட்டுத்தோலில் விழும் ஓட்டைகளைப் பற்றியது. காப்பி ஆறுவதற்குள் அனுமதித்தேன். ஓட்டை விழுந்த தோல் மண்டிக்கு வந்தால் அறிவியல், நொண்டிக்கொண்டு நடந்து வந்தால் மருத்துவம். இதைவிடச் சுத்தமாக யாரால் பிரிக்க முடியும் என்று இன்றைக்கும் கேட்கிறேன்.

சித்திரையில் மூக்காயிக்குப் புழு அறுந்தது. புண் சீழ் வைத்து, ஜன்னி கண்டு, நான்காம் நாள் இறந்துபோனாள். அவள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்தார்களாம். அமலராணி வந்து உட்காராமல் கேட்டார்: "மருத்துவக் குழு என்ன சொல்லுச்சு சார்?"

பதில் வரவில்லை என்றேன். அது உண்மைதான். மருத்துவக் குழு என்று ஒன்று கிடையாது. அதை அமைக்கச் சொல்லி நிறுவனர்கள் ஐம்பத்தெட்டிலேயே டாக்டர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். தபாலில் சேர்க்க வேண்டியவன் நான். சேர்த்திருந்தால் பாதிப் பேர் அங்கே போய்க் கைகட்டி நின்றிருப்பார்கள், எனக்கு மனம் வரவில்லை. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று வருஷத்து நோய் மனுக்களும் அதன்மேல் தேதிவாரியாக அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அமலராணியுடையது. ஒரு தாளைக்கூட நான் தொலைத்ததில்லை ஐயா.

நீங்கள் எழுதிய இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னதில் கால் வருகிறது, புண் வருகிறது, ஒரு பெண்ணின் சாவும் வருகிறது. நீங்களோ பொறியாளர், இது உங்கள் பக்கம் சேராது. இப்படிக் கொடுங்கள், மருத்துவக் குழுவுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்.