ரசமட்டமும் வலது பக்கத் தலவலியும்

...தலவலிக்காரங்க வந்து உக்கார்ற எடத்துல எவனாவது இப்பிடி ஒரு ட்யூப்லைட்ட மாட்டுவானா தம்பி? அதுவும் ஒழுங்கா எரியுதா? சிமிட்டு சிமிட்டுன்னு... என்னமோ எனக்குக் கண்ணடிக்கிற மாதிரி! வந்ததுமே அந்த நர்சம்மாகிட்டச் சொன்னேன். "ஸ்டார்ட்டர் போயிருச்சு தாத்தா"ன்னுச்சு. நான் லைட்டப் பத்திக் கேட்டா அது என் வயசப் பத்திப் பேசுது.

உங்க நம்பர் என்ன? முப்பத்தொண்ணா? நான் இருபத்தாறு. இப்பத்தான் பதினெட்டு உள்ள போயிருக்கு. கவலப்படாதீங்க, நேரம் போறதே தெரியாது, நான் இருக்கேன்ல.

கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கீங்க... உங்களுக்கும் ஒத்தத் தலவலியா? எந்தப் பக்கம்? எடது பக்கமா? எனக்கு வலது. நல்லதாப் போச்சு, நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வச்சா ஒரு முழுத் தலவலி!... சிரிக்காதீங்க, சிரிச்சா வலிக்கும். சிரிக்கலையா? சரி.

எனக்கு எப்பிடி வரும் தெரியுமா? மொதல்ல கண்ணு ஓரத்துல பல்லுப் பல்லா ஒரு வெளிச்சம் ஓடும். எவனோ கத்துக்குட்டி கட்டர் புடிச்சு டைல்ஸ வெட்டுனா ஓரம் எப்பிடி இருக்கும், அப்பிடி. நாப்பது வருசமா டைல்ஸ் பதிக்கிறவன் நான். என் கண்ணுக்குள்ளயே எவனோ மட்டமா வேல பாத்துட்டுப் போறான்! அப்பறம் இந்த நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சுப் பின்னங்கழுத்து வரைக்கும் டங்கு டங்குன்னு... ரப்பர் சுத்தியாலத் தட்டுவோம் பாருங்க, அதே தாளம்.

இன்னைக்கு இந்த டாக்டர் ஒரு வழி சொல்லியே ஆகணும் தம்பி. ஏன்னா மக வந்திருக்கா. மூணு வருசம் கழிச்சு வந்திருக்கா, நாலு வயசுப் பேத்தியக் கூட்டிக்கிட்டு. ஒரு மாசம் இருப்பேன்னு வந்தவ, மூணு வாரத்துலயே "திங்கக்கெழம காலைல பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன்பா"ங்கிறா. ஏம்மான்னா, "புள்ள பயப்படுதுப்பா." எதப் பாத்து? என்னப் பாத்து!

நான் என்ன பேயா பிசாசா? வலி வந்தா சன்னல் எல்லாத்தையும் சாத்துவேன். அதுக்கு மேல போர்வையத் தொங்கவிடுவேன். கடிகாரத்துல பேட்டரியக் கழட்டுவேன். குழாய் சொட்டக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது, எவளும் கொலுசு போடக் கூடாது. அவ்வளவுதான். இதுல பயப்பட என்ன இருக்கு? போன தடவ கதவு இடுக்கு வழியா அந்தப் புள்ள எட்டிப் பாத்துட்டு ரகசியமாக் கேக்குது: "அம்மா, தாத்தா செத்துட்டாரா?" அதுக்கு என் வீட்டுக்காரி சொல்றா, "இல்லடி கண்ணு, அவ்வளவு சுளுவா நம்மள விட்டுற மாட்டாரு." எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு. வலி வந்தா எனக்குக் காது ரெண்டு மடங்கு கேக்கும்!

ஆனா ஒண்ணு தம்பி... அந்தப் புள்ள இப்பல்லாம் என் முன்னாடி குதிகால ஊணுறதே இல்ல. பூனைக்குட்டியாட்டம் நுனிக்கால்லயே போகுது. வலி இல்லாத நாள்லயும். நேத்து நான் சும்மாதான் ஒக்காந்து வெத்தலப்பொட்டியத் தேச்சுக்கிட்டு... அப்பவும் என்னத் தாண்டி நுனிக்கால்ல போகுது. அது எனக்கு என்னமோ பண்ணிருச்சு.

மக சொல்லிட்டா. "டாக்டர் ஒரு வழி சொல்லட்டும், டிக்கெட்ட ரத்து பண்ணிடறேன்." அதான் வந்து ஒக்காந்திருக்கேன்.

வைத்தியம் பாக்கலையான்னு கேக்குறீங்களா? கேக்கலையா? இருந்தாலும் சொல்றேன். தைலம் ஒரு டஜன் பாட்டில் தேச்சாச்சு. இஞ்சிய அரச்சுப் பத்துப் போட்டாச்சு, தோலு வெந்ததுதான் மிச்சம். வெந்நீருல கால வைய்யின்னா எதிர்வீட்டுக்காரி. வச்சேன். கால் நல்லா வெள்ளையாயிருச்சு, தலவலி அப்பிடியே இருக்கு. வீட்டுக்காரி ஈரத்துண்ட இறுக்கிக் கட்டுவா. என்னா இறுக்கு! கல்யாணமான நாள்லருந்து உள்ள ஆத்திரத்தையெல்லாம் அந்த ஒரு முடிச்சுல காட்டிருவா.

அப்பறந்தான் இந்த டாக்டர். போன மாசம் வந்தப்ப ஒரு நோட்டுப் போடச் சொன்னாரு. "வலி வர்ற அன்னைக்கு எல்லாம் என்ன சாப்பிட்டீங்க, எப்பத் தூங்குனீங்க, என்ன செஞ்சீங்கன்னு எழுதிட்டு வாங்க. எது கெளப்பி விடுதுன்னு பாப்போம்"னாரு. நல்ல யோசனதான். இந்தாங்க, பாருங்க. நான் மூணாங்கிளாஸோட நிறுத்துனவன், எழுத்து கொஞ்சம் கோணும். ஆனா சுத்தமா வச்சிருக்கேன். தேதிக் காலண்டர்ல அன்னன்னைக்குத் தாளக் கிழிச்சு ஒட்டிருவேன், கீழ விவரம் எழுதிருவேன். போன மாசத்துக்கு முந்துனதையும் ஞாபகத்துலருந்து எழுதி, பழைய தாளத் தேடிப் புடிச்சு ஒட்டிட்டேன்.

படிங்க. கண்ணாடியக் கழட்டிட்டுப் படிங்க.

"மாடி வீட்டுக்காரன் கட்டில இழுத்தான். தலவலி." "எதிர்வீட்டுக்காரி துணி துவைச்சா, துணியவா துவைச்சா? என்னைய நெனச்சுத் துவைச்சா. தலவலி." "பழைய மேஸ்திரி தெருவுல என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போனான். தலவலி."... என்ன தம்பி, சாப்பாடு எங்கயா? சாப்பாடு எதுக்கு? நான் என்ன செஞ்சேன்னு எழுதி என்ன புண்ணியம்? நான்தான் ஒண்ணும் செய்யலையே! அடுத்தவன் எனக்கு என்ன செஞ்சான்னு எழுதுனாத்தான டாக்டருக்குப் புரியும்?

அந்தப் பக்கத்தத் திருப்புங்க. சிவப்பு மையில இருக்கே, அவன்தான். சகலை. என் வீட்டுக்காரியோட தங்கச்சி புருசன்.

அவன் கதையக் கேளுங்க. எங்க தெரு முக்குல ஒரு காபிக் கடை. மொதலாளி தங்கமான மனுசன். அந்தக் கடைக்குத் தரை போட்டது நான். பதினாலு வருசம் ஆச்சு. போட்டு முடிச்ச அன்னைக்கு நாலு பேரு நிக்கிறாங்க. இந்தச் சகலை அப்பத்தான் அங்க வேலைக்குச் சேந்திருக்கான். என்ன பண்ணான் தெரியுமா? பையிலருந்து ஒரு கோலிகுண்ட எடுத்துத் தரையில வச்சான். அது உருண்டு உருண்டு... வாசப்படி வரைக்கும் போயி நின்னுச்சு. நாலு பேருக்கு முன்னாடி சொல்றான்: "அண்ணே, உங்க ரசமட்டம் பொய் சொல்லுதுண்ணே."

என் ரசமட்டம்! தரை மட்டம் பாக்க நான் வச்சிருக்கிறது எங்க குரு கொடுத்தது தம்பி, உள்ள இருக்கிற நீர்க்குமிழி நடுவுல நின்னா நின்னதுதான். என்ன வேணா சொல்லலாம், ஒரு கொத்தனப் பாத்து ரசமட்டம் பொய்யின்னு சொல்லலாமா? அன்னைலருந்து அவன் மூஞ்சில முழிக்கிறதில்ல. அவன் வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் போனதில்ல. வீட்டுக்காரி மட்டும் போயிட்டு வருவா. வந்து, "உங்களக் கேட்டாரு"ம்பா. கேக்கட்டும்!

என்ன... என்ன பண்றீங்க? பேனாவ எடுத்து என் நோட்டுல வட்டம் போடுறீங்க? ஒட்டுன தாள் மேலயே போடுறீங்களே... இதுல ஒண்ணு, இதுல ஒண்ணு...

எல்லாம் ஞாயித்துக்கெழமையா?

அட, இதக் கண்டுபுடிக்கவா இவ்வளவு நேரம்? எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமதான எல்லாப் பயலும் வீட்டுல இருக்கான்! கட்டில இழுக்கிறது அன்னைக்கு, துணி துவைக்கிறது அன்னைக்கு. ஊரே ஓய்வா ஒக்காந்து என்னைய வதைக்கிற நாள் அதுதான்.

இது மட்டும் என்ன, வட்டம் போடாம விட்டுட்டீங்க? ஆமா, அந்த ஒரு ஞாயித்துக்கெழம வரல. கீழ எழுதியிருக்கேன் பாருங்க, சிவப்பு மையில: "சகலைக்குக் காய்ச்சல். எனக்குத் தலவலி இல்ல." பாத்தீங்களா! அவன் படுத்தா நான் எந்திரிக்கிறேன். அவன் கண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம்னு இதவிட என்ன சாட்சி வேணும்?

அன்னைக்கு நான் என்ன பண்ணேனா? நான் என்ன பண்ணுவேன்... அவன் வரலைன்னு மொதலாளியே கடையில ஒக்காந்திருந்தாரு. போனேன். மூணு காபி குடிச்சேன். ஊரெல்லாம் கட்டில் இழுத்துச்சு, துணி துவைச்சுச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல.

மத்த ஞாயித்துக்கெழமையா? மத்த ஞாயித்துக்கெழம எப்பிடிப் போவேன்? அன்னைக்கு மொதலாளிக்கு லீவு. வாரத்துல அந்த ஒருநாள் மட்டும் கல்லாவுல அவன்ல ஒக்காந்திருப்பான்! அவன் கையால வாங்கி ஒரு மடக்கு... ம்ஹூம். எங்க தெருவுல அன்னைக்கு வேற கடையும் கெடையாது. மத்த நாள் அதே கடையில தெனம் அஞ்சு, ஆறு காபி குடிக்கிறவன்தான் நான், திக்கா, கசப்பா. ஆனா ஞாயித்துக்கெழம ஒரு சொட்டு தொடமாட்டேன். பதினாலு வருச வைராக்கியம்!

வீட்டுலயா? வீட்டுல காபித்தூளே கெடையாது. அது வேற கத. ஒருநாள் வீட்டுக்காரி போட்டுக் கொடுத்தா. "கடைக் காபிக்கு முன்னாடி இது கழுவி ஊத்துன தண்ணி"ன்னேன். சாதாரணமாத்தான் சொன்னேன். அவ தம்ளரக் கவுத்து வச்சா. "அப்ப அங்கயே குடிச்சுக்குங்க"ன்னா. இன்னைக்கு வரைக்கும் நிமுத்தல. நான் எங்கருந்துதான் அவளப் புடிச்சேனோ... எனக்கு மேல புடிவாதக்காரி.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? என்னது?... மெதுவாச் சொல்லாதீங்க, கேக்கல... தெனம் குடிக்கிறவன் ஒருநாள் திடீர்னு நிறுத்துனா... தலவலி கெளம்புமா? உங்களுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சா? இதே டாக்டரா சொன்னாரு?

அட, போங்க தம்பி.

...

இருங்க இருங்க. அப்ப மாடி வீட்டுக்காரன்? அவன் கட்டிலு?... எதிர்வீட்டுக்காரி?... பழைய மேஸ்திரிக்கு எப்பவோ கண்ணுல புர விழுந்துருச்சுன்னு வீட்டுக்காரி சொன்னா, நான்தான் நம்பல...

பதினாலு வருசம்! வாரத்துக்கு ஒருநாள், இருட்டு ரூம்புல, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, எவன் எவனையோ திட்டிக்கிட்டு... அவன் பாட்டுக்கு அங்க கல்லாவுல ஒக்காந்து "அண்ணன் வரலையா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்!

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிராதீங்க. அந்தக் கோலிகுண்டு உருண்டுச்சுல்ல... அது உருளத்தான் செய்யும். ரெண்டு நூலு சாய்வு, கால் அங்குலம். எனக்கு அன்னைக்கே தெரியும். ரசமட்டம் ஒழுங்காத்தான் காட்டுச்சு, குமிழி ஓரத்துலதான் நின்னுச்சு. அன்னைக்கு அந்தி வேளையில அவசரம், நான்தான் "கெடக்கட்டும், எவன் பாக்கப் போறான்"னு விட்டேன். ரசமட்டம் பொய் சொல்லல. நான்தான்...

சரி, விடுங்க. இப்ப என்ன பண்றது? நாளைக்கு ஞாயித்துக்கெழம. சும்மா போயி "ஒரு காபி குடு"ன்னு அவன்கிட்ட நிக்கவா? மானம் போகாது? ஆனா... ரசமட்டத்தக் கையில எடுத்துக்கிட்டுப் போனா? "தரைய ஒருதடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொல்லலாம்ல? வேலை விசயமாப் போற மாதிரி. குனிஞ்சு வச்சுப் பாக்குறது, "ஆமாப்பா, ரெண்டு நூலு இருக்கு, சரி பண்ணிருவோம்"ங்கிறது. நிமுந்தா, மனுசனா இருந்தா ஒரு காபி கொடுக்க மாட்டானா? அவன் மனுசந்தான் தம்பி. நல்ல மனுசன். அதான் இன்னும் எரிச்சலு.

பேத்தியையும் கூட்டிட்டுப் போறேன். அது கையில ஒரு கோலிகுண்டக் கொடுத்து, "வைடா கண்ணு, எங்க உருளுதுன்னு பாப்போம்"ங்கிறேன். அது பின்னாடியே ஓடட்டும், திடுதிடுன்னு, நல்லாக் குதிகால ஊணி. எவ்வளவு சத்தம் வந்தாலும் வரட்டும்! காபி உள்ள எறங்கிருச்சுன்னா எனக்கு என்ன? டிக்கெட்ட ரத்து பண்ணச் சொல்லி மகளுக்கு இப்பவே போன் போடுறேன். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன், அவரு சரின்னாத்தான். என்ன சொல்றீங்க தம்பி? நீங்க சொல்றதுதான்... உங்கள மாதிரி பொறுமையாக் கேக்கிற ஆளு...

தம்பி?

எங்க போயிட்டாரு? இப்ப இங்கதான ஒக்காந்திருந்தாரு. நர்சம்மா! இங்க ஒரு கறுப்புக் கண்ணாடி... முப்பத்தொண்ணாம் நம்பரு... என்னது? கெளம்பிட்டாரா? டாக்டரப் பாக்காமயா? ...வரும்போது கொஞ்சமா இருந்த வலி இப்பத் தாங்கலைன்னு சொல்லிட்டா போனாரு?

பாவம், பேனாவக்கூட மறந்துட்டாரே.

இருபத்தாறா? நான்தான், நான்தான். வர்றேம்மா, ஒரு நிமிசம், நோட்டுல ஒரு வரி எழுதிட்டு வந்துடறேன். டாக்டர் எதையும் விடாம எழுதச் சொல்லியிருக்காரு.

சனி... கெழம. பக்கத்து நாற்காலித் தம்பிக்கு... கடுமையான தலவலி. காரணம்... காரணம்...

நான்.