மூணு நாள் கஞ்சி

அலோ... ஆங், குழலிதான் பேசறேன். சொல்லுண்ணா... ஆமா, மூலக்குளத்துலதான், கடையிலதான் இருக்கேன்... ம்... ம்... யாரு சொன்னது?... மாலா அண்ணியா? நான்தான் அவங்களுக்குக் காலைல போன் பண்ணி சொன்னேன். இதுல மறைக்கிறதுக்கு இன்னா இருக்கு?

ஐய, கத்தாதண்ணா. கடையில ஆளு இருக்காங்க... ரோசாம்மா, ஒரு நிமிசம், அந்த பிரெஞ்சு லிவ்ரே, குடும்பப் புத்தகம், அதுல எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ் போடணுமா? சரி, அப்படி குந்துங்க... இல்லண்ணா, உன்ன சொல்லல. நீ சொல்லு.

ஆமா... ஆமா. எனக்குத்தான். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்துட்டு வரேன்ல, மூணு வருசமா? அதேதான். சக்கர இருக்கறவங்களுக்குப் பின்னாடி கிட்னி கெடுமா கெடாதான்னு ரத்தத்துலயே முன்கூட்டித் தெரியுதான்னு பாக்கறாங்க. எனக்கு வாய்ப்பு அதிகம்னு வந்திருக்கு...

போகல! யாரு போச்சுன்னு சொன்னது? கிட்னி நல்லாத்தான் இருக்கு. கிரியாட்டினின் புள்ளி எட்டு... ஆமா, நார்மல்தான்... அப்புறம் எதுக்குன்னா? கிரியாட்டினின் ஏறறதுக்குள்ள கிட்னி பாதி கெட்டுப் போயிருக்குமாம்ணா. இது அதுக்கும் முன்னாடியே ரத்தத்துல தெரியற அடையாளம். நீ ஸ்கூல் வேன் ஓட்டறவன், உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். எஞ்சின்ல பொக வந்தப்புறம் வண்டிய நிறுத்தறது கிரியாட்டினின். அதுக்கு முன்னாடி ஸ்டீரிங்குக்குப் பக்கத்துல செவப்பு லைட்டு எரியும் பாரு, அதுதான் இது... சிரிக்காத.

இல்ல, உறுதியா சொல்லல. இது ஆராய்ச்சிதான், இத மட்டும் வெச்சு முடிவு கட்டக் கூடாதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. யூரின்லயும் லேசா புரோட்டீன் போகுது. எல்லாத்தையும் சேத்துப் பாத்துட்டுதான் மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க. முட்டி வலிக்கு நானே வாங்கிப் போடுவேன்ல ஒரு மாத்திர, அதத் தொடவே கூடாதுன்னுட்டாங்க...

ம்... ம்... அது யாரு?... தவளக்குப்பத்து வைத்தியரா?... பொடியா? இன்னா பொடி?... எல்லாத்தையும் நிறுத்திட்டு அத மட்டுமா? வேணாம்ணா... வேணாம். நீ கடைக்கே கொண்டாந்து குடுத்தாலும் வேணாம். அதுல இன்னா போட்டிருக்குன்னு அந்தாளு எழுதிக் குடுப்பானா? கேட்டுப் பாரு. எழுதிக் குடுத்தா நானே இங்க ஜெராக்ஸ் எடுத்து டாக்டர்கிட்ட காட்டறேன்...

இன்னா?... டெஸ்ட் எடுக்கப் போயிதான் வியாதி வந்துச்சா? நல்லா இருக்கே நியாயம்! அப்ப நம்ம அப்பாவுக்கு எப்படி வந்துச்சு? அவரு எந்த ஆராய்ச்சிக்குப் போனாரு?

இல்ல, பேசுவேன். நான் பேசத்தான் போறேன். நீ வாய மூடுன்னா மூடறதுக்கு எனக்கு இப்ப பத்து வயசு இல்ல, நாப்பத்தேழு ஆவுது. அப்பா இன்னா பண்ணுவாரு? ரத்தம் குடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி வீட்டுல கஞ்சிதான். இட்லி கெடையாது, சோறு கெடையாது. விடிகாலைல எழுந்து கடற்கரை ரோட்டுல காந்தி சிலைக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நட. நாம ரெண்டு பேரும் கூட சேந்து கஞ்சி குடிப்போம், அவருக்கு ஆசையாயிடக் கூடாதுன்னு. ரிப்போர்ட்டு நல்லா வந்துடும். அன்னிக்கு மத்தியானமே பிரியாணி. அந்த ஃபைல எடுத்துட்டுப் போயி தெருவெல்லாம் காட்டுவாரு, பாரு எனக்குச் சக்கர கன்ட்ரோலுன்னு...

ஆமா. டாக்டர ஏமாத்தல, தன்னத்தான் ஏமாத்திக்கிட்டாரு. கடசில வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்ல போயி நின்னுச்சு. பதினோரு மாசம். நீதான தூக்கிட்டுப் போன? மறந்துட்டியா?... ம்... தெரியும். எனக்கும் அழுகதான் வரும். அதனாலதான் பேசறேன்.

ஐயோ, நான் மட்டும் யோக்கியம்னு சொல்லல. மொத வருசம் நானும் அதேதான் பண்ணேன்! மூணு நாள் கஞ்சி குடிச்சிட்டு ராணி மாதிரி போயி கைய நீட்டினேன். வெறும் வயித்துல சக்கர நூத்தி நாலு. நர்சு துர்கா இருக்குது பாரு, சின்னப் பொண்ணு, இன்னொரு பேப்பர எடுத்து முன்னாடி வெச்சுது. மூணு மாச சராசரி. ஒம்போது புள்ளி ரெண்டு, ஏழுக்குள்ள இருக்கணுமாம். "அக்கா, எத்தன நாள் கஞ்சி?"ன்னு கேக்குது! எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல. மூணு நாள் கஞ்சிய வெச்சு மூணு மாசத்த மறைக்க முடியாதாம்ணா. நம்ம குடும்பத்துக்கு மட்டும்தான் இந்தத் தந்திரம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன், பாண்டிச்சேரில பாதிப் பேரு இதத்தான் பண்றாங்களாம்...

சிரி, சிரி. நல்லா சிரி.

இன்னா எழுதி வெச்சுட்டாங்க? விதியா? ஒரு லேப்புல ஓட்டின ரத்தம்ணா அது, எந்தச் சாமியும் எழுதல. வரும்னு சொல்லிட்டா நான் போயி பாய விரிச்சுப் படுத்துக்கணுமா? முடியாது. வரட்டும் பாக்கலாம்னு உக்காந்திருக்க மாட்டேன், அது வர வழியிலயே போயி குறுக்க நிப்பேன். உப்பக் கொறச்சிட்டேன், ஊறுகாய எடுத்து எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டேன். ஆமா, அந்த மாங்கா ஊறுகாதான்... குடுத்துட்டேன், இல்ல, திரும்ப வராது!

ரோசாம்மா, முடிஞ்சுது, எடுத்துக்கங்க. பின்னு அந்த டப்பாவுல இருக்கு பாருங்க... சொல்லுண்ணா.

இப்பவா? இப்பவே வரியா? எதுக்கு, அந்தப் பொடியக் குடுக்கவா?... சரி வா, பொடிய அங்கயே வெச்சிட்டு நீ மட்டும் வா. டூட்டி முடிஞ்சுதா?... அப்ப யூனிபார்மோடவே வாயேன், வீட்டுக்குப் போயி செருப்ப மாத்திட்டு எதுக்கு வர?... ஏற்கெனவே ரப்பர் செருப்பா? டூட்டிலயா? வேன் ஓட்டறவங்க ஷூ போடணும்னு உங்க ஸ்கூல்ல கண்டிசனாச்சே...

இன்னா சொன்ன?

ஏறலன்னா? ஷூ ஏறலன்னா இன்னா அர்த்தம்?... ரெண்டு காலுமா?... எத்தன நாளா?... செழியண்ணா. எத்தன நாளா?

தீவாளிலேர்ந்தா?

இல்ல, வெயிலு இல்ல. உக்காந்தே ஓட்டறதுனாலயும் இல்ல. அப்பாவுக்கு மொதல்ல இன்னா வந்துச்சு? செருப்பு வாரு அறுந்துபோச்சுன்னு புதுசு வாங்கினு வந்தாரே, அது வாரு இல்ல, காலு வீங்கினது... இருண்ணா. ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. அந்தப் பொடி எனக்காக வாங்கினதா, இல்ல நீயே சாப்பிடறியா?

நீயேதானா? அப்ப உன் சக்கர மாத்திரைய நிறுத்திட்டியா?

அடப்பாவி. நாலு மாசமாவா? அண்ணிக்குத் தெரியுமா?... தெரியாது. எப்படித் தெரியும், நீ சொன்னாத்தான? ஸ்கூல்ல வருசா வருசம் டெஸ்ட் எடுப்பாங்களே, அதுல எப்படி... ம். கஞ்சி. புரியுது. நீயும் மூணு நாள் கஞ்சி குடிச்சிட்டுப் போயிருக்க.

எனக்குப் புரியுதுண்ணா. வண்டிலேர்ந்து எறக்கிடுவாங்கன்னு பயம். எனக்குத் தெரியாதா, நீ ஸ்டீரிங்க விட்டா இன்னா ஆவன்னு? ஆனா வீங்கிப் போன கால பிரேக் மேல வெச்சிட்டு முப்பது புள்ளைங்கள ஏத்திட்டுப் போறியே... சரி. சரி, திட்டல. அழாத. நீ அழுதா எனக்குக் கை கால் ஓடாது. கேளு, நான் சொல்றத மட்டும் கேளு. இது இன்னும் எதுன்னு தெரியாது. நெஞ்சா, கிட்னியா, வேற எதாவதான்னு அவங்கதான் பாத்து சொல்லணும். தெரியாத வரைக்கும் நீயும் நானும் எதுவும் முடிவு பண்ண வேணாம்.

உன் ஆதாரு என் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? இன்சூரன்சுக்கு எடுத்தது. இரு... இளஞ்செழியன்... வயசு அம்பத்தி ரெண்டு... கருவடிக்குப்பம்... கத்து, நல்லா கத்து, நான் டைப் அடிச்சிட்டுதான் இருக்கேன்... ஆங், போட்டாச்சு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில டோக்கன். சனிக்கிழம, ஸ்கூலு லீவு, சாக்கு சொல்ல முடியாது... முடியாதா? நீ வரலன்னா நான் ஆட்டோ புடிச்சு உன் வாசல்ல வந்து நிப்பேன். தெருவே பாக்கட்டும். அண்ணிகிட்ட நீயே இன்னிக்கு சொல்லிடு, நான் சொன்னா அவங்க மனசு ஒடஞ்சுடும்.

காலைல வெறும் வயித்தோட வா. ஆனா இன்னிக்கு ராத்திரி கஞ்சி கூடாது! எப்பவும் இன்னா சாப்பிடுவியோ அதச் சாப்பிடு. நம்ம வீட்டுலேர்ந்து இனிமே ஒருத்தரும் பொய் ரத்தம் குடுக்கப் போறதில்ல. ஏண்ணா, அப்பா ஒருத்தரு போதாதா?

ம்... ம்... சரி. அந்த ஷூவையும் கைல எடுத்துட்டு வா... ஆமா, ஏறாத ஷூதான். டாக்டரம்மா மேச மேலயே வெச்சுக் காட்டப் போறேன். அது மறுபடி உன் கால்ல ஏறற வரைக்கும் நான் உன்ன விட மாட்டேன். ஏழு மணி. வெக்கிறேன்.