கொன்னியின் டோர்ச்

— நல்லா அமத்திப் பாரும் தம்பி. ஒருக்காப் பத்துது, பிறகு எவ்வளவு அமத்தினாலும் சும்மா கிடக்குது.

— அன்ட்டி, இத எங்கருந்து எடுத்தீங்க?

— எங்கடை வீட்டிலை இருந்து. கொட்டாஞ்சேனையிலை. டோர்ச்.

— டோர்ச்சா?

— ஓம், டோர்ச். வெள்ளவத்தையிலை ஷிப்லி எண்டொரு பெடியன் போன் திருத்துறான், என்ன சாமான் குடுத்தாலும் பாப்பான் எண்டு கேள்விப்பட்டு வந்தனாங்கள். நீர்தானே?

— நான்தான். கொட்டாஞ்சேனைல கடை இல்லாமையா இவ்ளோ தூரம் வந்தீங்க?

— அங்கை கடைக்காரர் எல்லாம் கோயில் ஆக்கள். காலமை ஒரு டோர்ச்சைக் குடுத்தா மத்தியானம் பாதருக்குக் கதை போயிடும். என்ரை மனிசன் கிளைவும் வந்தவர். ஓட்டோவை எங்கை நிப்பாட்டுறதெண்டு வெளியிலை செக்கியூரிட்டியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

— ஆ... அப்ப இது ஹஸ்பண்ட்டதா?

— எங்கடை வீட்டிலை ஆம்பிளை எண்டு அவர் ஒராள்தானே இருக்கிறார்.

— வெளங்குது அன்ட்டி. நல்லா வெளங்குது. சரி, டோர்ச். தாங்க, கழட்டிப் பாப்பம்.

— ஏன் தம்பி சிரிக்கிறீர்?

— இல்ல அன்ட்டி. ஒரு ஆம்புளட டோர்ச்சு நம்மட கைக்கு வந்தா அது அமானிதம் மாதிரி. பத்திரமாப் பாத்துக் குடுக்கணும். இங்க பாருங்க, இந்தப் பித்தளைக் குழாய்க்குள்ள சர்க்கிட் எண்டு ஒண்டும் இல்ல. கீழ பட்டன், நடுவுல பெட்டரி, மேல ஒரு பின். அமத்தினா நேரா கரண்ட் பாயும். இப்ப இந்தப் பின் கறுத்துப் போயீக்கி. அதான் கொன்டாக்ட் இல்ல.

— ஏன் கறுக்குது?

— மேலருந்து ஜூஸ் ஒழுகி...

— டோர்ச்சுக்குள்ளை என்ன ஜூஸ்?

— கிரீஸ் அன்ட்டி. கிரீஸ் எண்டு சொல்ல வந்தேன்.

— கிரீஸ் மாம்பழம் மாதிரி மணக்குதே.

— இப்பல்லாம் வாசனைக் கிரீஸ்தான் வருது. இருங்க, ஸ்பிரிட்ல துடைக்கிறேன். இந்தச் சுத்துற புரியையும் துடைக்கணும், அதுல அழுக்கு ஏறினாலும் கரண்ட் ஓடாது. பாருங்க பஞ்சு எப்பிடிக் கறுக்குதெண்டு. பெட்டரியும் உள்ளுக்க லொடலொடக்குது. மேல ஈக்கிற அந்தப் பின்னக் கொஞ்சம் இறக்கினா அது சரி வரும்... யா அல்லாஹ்.

— என்ன தம்பி?

— பெட்டரிட மேல்தோல் கிழிஞ்சீக்கி. இது குழாய்ல பட்டா ஷோர்ட் ஆகும் அன்ட்டி, வெடிச்சாலும் வெடிக்கும். புதுப் பெட்டரி போடாம இதத் தரமாட்டேன். ஹஸ்பண்டுக்கிட்டயும் சொல்லுங்க, கிழிஞ்ச பெட்டரியப் போட்டு முகத்துக்கிட்ட கொண்டுபோக வாணாமெண்டு.

— டோர்ச்சை ஏன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோறது?

— வாய்... வாய்க்குள்ள சூத்தைப் பல்லு ஈக்கிதா எண்டு பாப்பாங்கதானே, சில பேரு.

— ம். பல்லைக் கவனிக்கிறது நல்லதுதான்.

— கொன்னி, அந்த செக்கியூரிட்டி கடைசியிலை எனக்கு 'மஹத்தயா' எண்டு சல்யூட் அடிச்சிட்டான் மென். டோர்ச் சரியே?

— இஞ்சருங்கோ, இவர்தான் ஷிப்லி. புதுப் பற்றரி போடவேணுமாம்.

— வாங்க அங்கிள். இந்த டோர்ச்சப் பத்தி நான் அன்ட்டிக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. நீங்க பயப்பட வாணாம்.

— எனக்கென்ன பயம் மென்? கரண்ட் போனா பயப்பிடுறது கொன்னிதான். மொட்டை மாடிக்கு உடுப்பு எடுக்கப் போறதெண்டாலும் உந்த டோர்ச்சையும் கொண்டுதான் போவா. பின்னேர வெளிச்சத்திலையும்.

— நல்லாச் சமாளிக்கிறீங்க அங்கிள்.

— என்னத்தைச் சமாளிக்கிறது? உதிலை பல்ப் எங்கை இருக்கெண்டு நானும் ஆறு மாசமாத் தேடுறன். கேட்டா ஜப்பான் சாமான், அப்பிடித்தான் இருக்குமெண்டுறா.

— அங்கிள், நீங்க நாடகத்துல நடிச்சவரா?

— கோயில் பாஸ்கு நாடகத்திலை, யேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லுற பிலாத்து வேசம் கட்டினனான். கை கழுவுற இடத்திலை சனம் அழுதது மென். ஏன் கேக்கிறீர்?

— சும்மாதான். சிகரெட்டு பழக்கம் ஈக்கிதா?

— விட்டாச்சு மென், முழுசா. நெஞ்சிலை ஸ்டென்ட் வைச்ச அண்டைக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில்லை கிடந்தபடியே மாதா சுரூபத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினனான். பண்ணுவிச்சது கொன்னி. இண்டைக்கும் வெளியிலை போட்டு வந்தா வாசல்லை வைச்சு சேர்ட்டை மணந்து பாத்துத்தான் உள்ளை விடுவா.

— நான் பாக்காமல் வேறை ஆர் பாக்கிறது? அங்கை ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். போய் இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ.

— போறன், போறன். கலியாணம் கட்டின அண்டைக்கிருந்து உமக்கு நான்தான் தூதன்.

— அன்ட்டி, அவர் போயிட்டார்தானே? கேளுங்க. இவ்ளோ நேரமும் நான் பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கணும். ஆனா வெடிக்கிற சாமான், அந்தாளு ஸ்டென்ட் வெச்ச மனுசன் வேற, இனி மறைக்க ஏலா. இது டோர்ச் இல்ல. மாம்பழ ஜூஸச் சூடாக்கி, வாயில வெச்சுப் புகை இழுக்கிற மெஷின். அங்கிள் பிலாத்து மாதிரி கையக் கழுவிட்டு உங்களுக்கு நல்லா நடிக்கிறார்.

— அந்த மனிசனை ஒண்டும் சொல்லாதையும் தம்பி, அவருக்கு நடிப்பு கோயில் மேடையிலை மட்டும்தான் வரும். உந்த மெஷின் என்ரை. நாளைக்கு எங்கடை வீட்டிலை செபமாலை, வட்டாரமே வருது. கெதியா அந்தப் புதுப் பற்றரியைப் போட்டுத் தாரும், முதல்லை ரெண்டு இழுவை இழுக்காட்டி எனக்குச் செபம் வராது.