காயாத தட்டு

எங்கள் வீட்டுப் பூனைகளுக்கு நான் ஒருநாளும் பழைய சோறு போட்டதில்லை. காலையில் கறந்த பால், குழைய வடித்த சோறு, சந்தை நாளில் கருவாடு. திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சென்னியம்மாள் பூனையா வளர்க்கிறாள், பிள்ளையல்லவா வளர்க்கிறாள் என்பார்கள்.

வீட்டுக்காரர் கைலாசம் ரிக் வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி அது. தை பிறந்தால் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று கிளம்பும்; மழை பிடித்தால்தான் ஊர் திரும்பும். முதல் சில வருஷம் மழையோடு அவரும் வந்தார். பிறகு மழை மட்டும் வந்தது. அங்கேயே ஒரு குடித்தனம் இருப்பதாகக் கேள்வி. நான் அவரைக் குறை சொல்லவில்லை. காலில் வலு இருக்கிறவர்கள் போகத்தான் செய்வார்கள்.

பூனைகளும் அப்படித்தான். செவலை என்று ஒரு கடுவன் இருந்தான். என் கையால் தின்று கொழுத்தவன் ஒருநாள் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான். தேடிப் போனால், தீவனக் கடை மூட்டைமேல் படுத்துக்கொண்டு, யாரோ எவரோ என்று என்னைப் பார்த்தான். வயிறெரிந்தது. பொய் சொல்வானேன்?

அப்புறம் வந்தவள் பொட்டு. பூனையைக் கொன்ற பாவம் தீரத் தங்கத்தில் பூனை செய்து வைக்க வேண்டும் என்பார்கள். அதனால் எங்கள் பக்கம் வேண்டாத குட்டியைக் கொல்லமாட்டார்கள். சாக்கில் கட்டி வேறு ஊரில் விட்டுவிடுவார்கள். அப்படி பஸ் நிற்கிற இடத்தில் கிடந்தவளை எடுத்து வந்தேன். கூடவே கருப்பன் என்று இன்னொரு குட்டியும் இருந்தான். இரண்டும் ஒரே தட்டில் தின்றன.

கொஞ்ச காலம் துள்ளித் திரிந்த பொட்டு இளைக்க ஆரம்பித்தாள். ஈறு வெளுத்தது. மூச்சு வாங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. என் மடியே கதி என்று கிடந்தாள். விரலைப் பாலில் தொட்டு நீட்டினால் நக்குவாள். தண்ணீர் எடுக்கப் போனால் நான் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஜீவன் எனக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

இருந்தாலும் வைத்தியம் பார்க்காமல் விடவில்லை. கூடையில் வைத்து நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். "ஏனுங்கம்மா, கூடையில கோழிங்களா?" என்று கேட்ட கண்டக்டர், பூனை என்றதும் டிரைவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கிளம்புகிற நேரத்துச் சகுனமாம்.

டாக்டர் வெங்கடாசலம் மெட்ராஸில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுக்காரர். பொட்டின் வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"இது பூனைங்களுக்கு வர்ற ஒரு ரத்தப் புத்துநோய்ம்மா. எச்சில்ல பரவும். இன்னொரு பூனை இருந்தா தனியா வைங்க, தட்டையும் தனியாக்குங்க. தட்டைக் கழுவி வெயில்ல காயவெச்சாலே கிருமி போயிடும்."

"மனுசருக்கு ஒட்டுமுங்களா?" என்று கேட்டேன். வீட்டில் பையன் இருக்கிறானே.

"ஒட்டாது. பயப்படாதீங்க."

வரும் வழியிலேயே புதுத் தட்டு வாங்கினேன். இன்னும் அது அலமாரியில் பளபளவென்று இருக்கிறது.

அன்று சாயங்காலம் கருப்பன் சுவர்மேல் நின்று எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செவலை பார்த்த அதே பார்வை. "எறங்கி வா சாமி" என்றேன். இறங்கினான். பொட்டு நக்கிவிட்டு வைத்த பால்சோறு மீதி இருந்தது. நல்ல சோற்றைக் கழுவிக் கொட்ட மனசு வரவில்லை. அவன் முன்னால் நகர்த்தி வைத்தேன். நான் கட்டாயப்படுத்தவில்லை, அவனாகத்தான் தின்றான். மறுநாளும் வைத்தேன். அதற்கடுத்த நாளும்.

பொட்டு கண்மூடினபோது நான் அழுத அழுகையைப் பார்த்து எதிர்வீட்டுப் பாப்பாயி சோறாக்கிக் கொண்டுவந்தாள். முருங்கை மரத்தடியில் மஞ்சள் வைத்துப் புதைத்தோம். அதற்குள் கருப்பன் சுவர் ஏறுவதை விட்டிருந்தான்.

பாப்பாயிதான் அடுத்த குட்டியையும் கொண்டுவந்தாள். "ஏனுங்க்கா, எங்க ஊட்டுல குட்டி போட்டுக் கெடக்குதுங்க. உங்க கைக்கு வந்தா ராசாவாட்டம் இருக்குமுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஊரே கொண்டுவந்து கொடுத்தது. மருந்து, ஒத்தடம், கம்பளித் துணி, ஒன்றிலும் நான் குறை வைக்கவில்லை. ஒன்று போவதற்குள் இன்னொன்று வந்துவிட வேண்டும், தட்டு காய்ந்துவிடக் கூடாது. அதில் மட்டும் கவனமாக இருந்தேன். முருங்கை இப்போது காய்க்கிற காய்ப்பு தெருவுக்கே போதும். எல்லார் வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் என் பையன் மருதாசலம் பிளஸ் டூ முடித்தான். வாட்டசாட்டமான பிள்ளை, ஒரு தும்மல் கூட வராது.

"அம்மா, அப்பா சொல்லி உட்டிருக்காங்க. தையில நானும் ரிக்குக்குப் போறனுங்க."

"அங்க போயி என்ன சாமி பண்றது?"

"இங்க இருந்து என்ன பண்றதுங்க?"

சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

மறுபடி நாமக்கல் போனேன். கையில் கூடை இல்லாததைப் பார்த்து, "பூனை எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"பூனைக்காக வரலீங்க. மனுசருக்கு ஒட்டாதுன்னு சொன்னீங்களே, நெசந்தானுங்களா?"

அவர் சிரித்தார். "இன்னும் அந்தப் பயம் போகலையா? ஒட்டவே ஒட்டாதும்மா."

"கொஞ்சமாச்சும்?"

இல்லை என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள், ஏதாவது சாவுக்குப் போகிறீர்களா என்று கேட்டாள்.

கிளம்புகிற அன்று காலையில் மருதாசலம் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். இப்போது இருக்கிற குட்டிக்கு உடம்பு சரியில்லை. அது நக்கிவிட்டு வைத்த மீதியிலேயே இன்னும் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று உருட்டி உருட்டி ஊட்டினேன். "நான் என்ன கொழந்தைங்களா?" என்று வெட்கப்பட்டான். ஆனாலும் வாயைத் திறந்தான். "நல்லா இருக்குதுங்கம்மா" என்றுகூடச் சொன்னான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பெற்றவள் நினைப்பாளா? கொஞ்சம் இளைத்தால் போதும். மடியில் தலை வைத்துப் படுக்கிற அளவுக்கு இளைத்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

தெம்பாகத்தான் வண்டி ஏறினான். ஒரு வேளைச் சோறு பத்தவில்லை போலிருக்கிறது. மழைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். அதுவரை நான் தட்டைக் காயவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.