சாக்பீஸ் கோடு

நின்றுகொண்டிருக்கும் சைக்கிளிலிருந்து விழுவதற்குத் தனித் திறமை வேண்டும், ஐயா. எனக்கு அது இருக்கிறது. முழங்கையில் இருக்கும் இந்தக் கட்டுதான் அதற்குச் சான்று.

இன்று காலை எங்கள் சைக்கிள் சங்கத்தின் ஆறாவது நினைவுப் பந்தயம். இறந்துபோன என் நண்பனுக்காக வருடா வருடம் நான்தான் முன்னின்று நடத்துகிறேன். தொடங்குவதற்கு முன் ஒரு நிமிட மௌனம். நாற்பது பேர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலை குனிந்து நிற்கிறோம். நான் துக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டேன். எங்கள் ஷூ பெடலோடு மாட்டிக்கொள்ளும் வகை. ஊன்றிய கால் வழுக்கியது, மாட்டிய கால் கழலவில்லை. நான் பக்கத்திலிருந்த பல் டாக்டர் மேல் சாய, அவர் அடுத்தவர் மேல் சாய, மௌனம் முடிவதற்குள் பதினொரு பேர் தரையில் கிடந்தோம். கடைசியாகச் சாய்ந்தது நண்பனின் படம் வைத்திருந்த மேசை. "விடுங்க, அவரே பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு" என்றார் பல் டாக்டர், தரையிலிருந்தபடியே.

பந்தயம் இப்போது நடந்துகொண்டிருக்கும். நான் மட்டும் இந்த ஷூவோடு டக் டக்கென்று உங்கள் போலீஸ் நிலைய வராந்தாவில் ஏறி வந்திருக்கிறேன். என் வண்டி வாசலில் நிற்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே ஒரு சாக்பீஸ் கோடு இருக்கும். யாரும் துடைத்துவிட வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இறந்த நண்பன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சங்கத்தில் எல்லோருக்கும் 'வாத்தி'. பந்தயம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தொப்பையை இறுக்கமான சட்டைக்குள் திணித்துக்கொண்ட நடுவயதுக்காரர்களின் கூட்டம் அது. முதல் பரிசாக ஒரு கோப்பை. டீ ஊற்றிக் குடிக்கவும் ஆகாது, அடியில் ஓட்டை. அப்படி ஒன்பது ஓட்டைக் கோப்பைகள் அவன் வீட்டு அலமாரியில் இருந்தன. என் வீட்டில் 'கலந்துகொண்டார்' என்ற சான்றிதழ்கள்.

தோற்பது பழகிவிடும். அவன் காத்திருப்பதுதான் பழகவில்லை. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் மேட்டின் உச்சியில், ஒரு காலை ஊன்றி, தண்ணீர் பாட்டிலை எனக்காகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். நான் நுரை தள்ள வந்து சேர்ந்ததும், "அவசரமில்லடா, மெதுவாவே வா" என்பான். பத்து வருடம். கேலி செய்திருந்தால் நான் பெருந்தன்மையாக மன்னித்திருப்பேன். அவன் அந்த வாய்ப்பைத் தரவே இல்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முன் அவரவர் வண்டியை அவரவரே சோதித்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் தன் வண்டிக்குத் தானே சலுகை காட்டிவிடுவார்களாம். இன்னொருவர் சோதித்துவிட்டு ஹேண்டிலுக்குக் கீழே சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோடு இல்லாத வண்டிக்கு இடமில்லை. என் வண்டியை வாத்தி பார்ப்பான், அவன் வண்டியை நான். சாக்பீஸ் அவன் வகுப்பிலிருந்து வரும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில், மேடு ஏறி இறங்கும்போது இரண்டாவது வளைவில் அவன் தடுப்புத் தூணில் மோதி இறந்தான். மழை ஈரம், அதிவேகம் என்று இதே நிலையத்தில் எழுதி முடித்தார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்றுதான் முதல் முறையாக நான் அவனைத் தாண்டினேன். நின்றேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தாண்டிய பிறகுதான் நின்றேன்.

அவன் மனைவி நர்ஸ். என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண். நினைவுப் பந்தயம் வைக்கலாம் என்று நான் சொன்னபோது மறுக்கவில்லை. என் வண்டியைச் சோதிக்க ஆளில்லாமல் போயிருந்ததால், "நான் பாக்கறேன், அவர் சொல்லிக் குடுத்திருக்காரு" என்று தானாகவே முன்வந்தாள். என் மேல் இவ்வளவு பாசமா என்று கண் கலங்கிவிட்டேன். பிறகு வருடா வருடம் அவள் போட்ட கோட்டோடுதான் ஓட்டினேன். ஜெயிக்கவில்லை. அவன் இல்லாத பந்தயத்திலும் என்னால் நான்காவதுக்கு மேல் வர முடியவில்லை.

ஒவ்வொரு பந்தயத்தன்றும் அவளிடம் ஒரே கேள்வி கேட்பேன்: "அன்னைக்கு நான் வண்டிய சரியாப் பாத்தேனாம்மா?" அவள் வாயால் 'உங்க மேல தப்பில்லண்ணா' என்று ஒரு தடவை வந்துவிட்டால் போதும், மிச்ச காலத்தை நிம்மதியாக ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். அவளோ, டீ ஆறுகிறது குடியுங்கள் என்பாள்.

நான் செய்தது இதுதான். பிரேக் ஒயரை ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்து வைத்திருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால், லேசாகப் பிடிக்கும்போது பிரேக் வேலை செய்யும். அழுத்திப் பிடித்தால் ஒயர் நழுவிவிடும். இறக்கத்தில் அவனுக்குப் பயம் வரும், பிறகு உருட்டிக்கொண்டு வருவான், ஒரே ஒரு முறை நான் கீழே கால் ஊன்றி அவனுக்காகக் காத்திருக்கலாம். தண்ணீர் பாட்டில்கூட ஒன்று கூடுதலாக நிரப்பியிருந்தேன். பிரேக் பிடிக்காதவன் மெதுவாகப் போவான் என்பது என் கணக்கு. பத்து வருடம் கணக்கு வாத்தியாரோடு பழகியும் அவ்வளவுதான் வந்தது.

பின் பிரேக்கை மட்டும் தொடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் மறு பக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவந்துதான் எனக்குப் பழக்கம். கை தானாகப் போயிற்று. முன் பிரேக், பின் பிரேக், இரண்டும் கால் சுற்று தளர்ந்தன. பிறகு கோடு போட்டேன். நேரான கோடு.

இன்று விழுந்த பிறகு, முதலுதவி மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்து அவள்தான் முழங்கைக்குக் கட்டுப் போட்டாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"பாத்தீங்கண்ணா. ரெண்டு ஸ்க்ரூவும் ஒரே அளவு தளர்ந்திருந்துச்சு. தானா தளர்றது அப்படி அளவு பாத்துத் தளராது. அவர் வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

அப்படியென்றால் ஏன் ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் பஞ்சைச் சரிசெய்து, கட்டை முடிச்சிட்டு, மிச்சத் துணியைக் கத்தரித்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் உங்க பிரேக்கையும் தளர்த்திடணும்னுதான் ஸ்பேனர எடுப்பேன். இன்னைக்கும் எடுத்தேன். ஆறு தடவையும் இறுக்கிட்டுத்தான் கோடு போட்டேன். எனக்கு ஆறு தடவ முடிஞ்சது, உங்களுக்கு ஒரு தடவ முடியலண்ணா."