டெல்சியின் காதோர முடி

முடியைப் படிய வாரி இழுப்பதற்குச் சீப்பைவிடப் பழைய டூத் பிரஷ்தான் நல்லது. நெற்றியோரப் பூனைமுடிகூட அதற்கு அடங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கார்த்தஹேனா துறைமுக ஊரில் என் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இந்த வேலையைத்தான் செய்கிறேன். என் பெயர் எனெய்தா. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. முதலில் டெல்சியைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

டெல்சி மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். இருபத்து நான்கு வயது. ஞாயிறு காலையில் முட்டை வைத்துப் பொரித்த சோள அடைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். நெற்றியிலிருந்து பிடரிவரை தலையோடு ஒட்டி ஆறு பின்னல், ஆறையும் சேர்த்து உச்சியில் ஒரு கொண்டை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் தெருவே வந்து கூடும்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் இழுத்தா என் கண்ணு ரெண்டும் காதுகிட்ட போயிரும்.”

“போகட்டும்டி. பின்னாடி வர்ற ஆம்பளைங்களையும் பார்க்கலாம்.”

“முன்னாடி வர்றவனுங்களையே இவளால சமாளிக்க முடியல!” என்பாள் மீன் விற்கும் நோயெமி.

டெல்சி சிரிக்க ஆரம்பித்தால் தலை ஆடும். பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி காத்திருப்பேன். எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் என் வீட்டில் சத்தம் கேட்கும்.

மார்ச்சில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பயணிகள் கப்பலில் வரவேற்பாளர் வேலை. நேர்முகத் தேர்வு ஆகஸ்டில். தலையைப் படிய வாரி, நெற்றியும் காதும் தெரிய வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

“வருஷத்துல எட்டு மாசம் கடல்லயேதான் அக்கா! திரும்பி வந்து நான் சொல்ற கதையைக் கேட்டு நீ சிரிச்சே செத்துருவே.”

அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். அடுத்த ஞாயிறு காதோரத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பின்னினேன். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். ஆனால் அவளுடையது நல்ல வலுவான முடி, எவ்வளவு இழுத்தும் உதிரவில்லை. அதனால் மருந்துக்கடையில், கால் முடியை நீக்கும் க்ரீம் ஒன்று வாங்கினேன். முடி படியத் தடவும் ஜெல் ஒரு சின்ன டப்பாவுக்கு அந்தக் க்ரீம் ஒரு கரண்டி. வாடை தெரியாமலிருக்கத் தேங்காய் எசென்ஸ். ஒவ்வொரு காதோரத்திலும் பட்டாணி அளவு மட்டும் தடவினேன். தோல் வெந்துவிடுமோ என்று முதலில் என் முழங்கையில் தடவிப் பார்த்தேன். வேலையில் நான் அசட்டையாக இருப்பவள் அல்ல.

மே மாதம் காதோர முடி கொட்டத் தொடங்கியது. “இங்க பாரேன் அக்கா, ஜன்னல் திறந்திருக்கு” என்று கேலி செய்தாள். ஜூனில் கேலி நின்றது. ஒரு நாள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பல்ல. கவலையால் கொட்டுகிறது என்று சொல்லி, ரோஸ்மேரி இலையைக் காய்ச்சி ஊற்றிவிட்டேன். பிறகு வழக்கம்போல ஜெல் வைத்தேன்.

ஆகஸ்டில் அவள் தேர்வுக்குப் போகவில்லை. மஞ்சள் துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

“போனா போகுது அக்கா. எனக்குக் கடல்னாலே வாந்தி வரும். கப்பல்காரன் தப்பிச்சான்” என்றாள்.

எவ்வளவு சிரித்தோம் தெரியுமா?

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஜனவரியில் மறுபடி ஆள் எடுப்பார்களாம். எப்படி நிறுத்துவது?

நோயெமி மட்டும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. போன மாதம் அவள் தங்கைக்குக் கல்யாணம். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில் அந்த டப்பாவைத் திறந்து, தன் அடர்த்தியான புருவங்களில் ஜெல்லை அப்பிப் படியவைத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாண வீட்டில் ஆடி வியர்த்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாளாம். புருவம் இரண்டும் கைக்குட்டையோடு வந்துவிட்டன.

மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றாள், உரித்த முட்டை மாதிரி.

“அடிப் பாவி, என் புருவம் எங்கடி?”

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. டெல்சிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பல மாதங்கள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். திடீரென்று அது நின்றது. டப்பாவைப் பார்த்தாள். கை தானாக மஞ்சள் துணிக்குப் போனது.

“அக்கா, இந்த டப்பாவை எனக்கு மட்டும்தானே எடுப்பே?”

“ஆமா” என்றேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இடது பக்கம் ஒருவேளை முளைக்கலாம், வலது பக்கம் முளைக்காது என்று டாக்டர் சொன்னாராம். கோபத்தில் இரண்டு ஞாயிறாக அவள் வரவில்லை. வருவாள். பின்னாலிருந்து முடியை எடுத்துவந்து அந்த வழுக்கை தெரியாமல் பின்னிவிட, இந்த ஊரில் என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?