ஊதா வட்டம்

ஐயோ, மூடிடாதம்மா! மேல இன்னும் சுத்திக்கிட்டிருக்கு பாரு. சேவ் ஆகி முடியறதுக்குள்ள மூடினா எழுதினதெல்லாம் போச்சு. நேத்து அப்படித்தான், பாத்ரூம் குழாய் ஒழுகின கதையை வக்கணையா ஒரு பக்கம் எழுதி வச்சேன். கரன்ட் போயி வந்து பாத்தா குழாயும் இல்ல, பிளம்பரும் இல்ல. ஏதோ க்ளவுடாம், மேகத்துக்குப் போகுதுன்னு பேரு. எந்தத் தெருமுனையில நின்னு அரட்டை அடிக்குதோ, போய்ச் சேரவே மாட்டேங்குது.

உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். கம்ப்யூட்டர் கடைக்குப் போன் பண்ணப்ப யாராவது தடியன் வந்து நிப்பான்னு நினைச்சேன். நீ வந்தது நல்லதாப் போச்சு. உனக்கும் என் பொண்ணு வயசுதான் இருக்கும்.

என்ன, ஏன் இவ்வளவு பெரிய ஃபைலுன்னா? எல்லாம் ஒண்ணுலயேதான். வெளிநாட்டுக்குக் கிளம்புறப்போ என் பொண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போனது. அம்மா, நீ போன் பண்றப்போ எனக்கு வேலை, நான் பண்றப்போ உனக்குத் தூக்கம், பேசணும்னு தோணுறதையெல்லாம் இதுல எழுது, நான் அங்கேருந்தே படிச்சுக்கறேன்னா. எனக்கு ஏழாவதோட படிப்பு நின்னுபோச்சு. கோழி கொத்துற மாதிரி ஒத்தை விரல்லதான் தட்டுவேன். எழுத வராததுக்குப் போட்டோ. தோச்சுப் போட்ட ஜன்னல் திரை, புதுப் பூட்டு, மாடிப்படியில வழுக்கி முட்டியில பட்ட அடி. ஆமாமா, போட்டோதான் கனம், புரியுது. சின்னதாக்கிக்கோ, வேணாங்கல. எதையும் எடுத்து மட்டும் போட்டுடாத.

புது ஃபைலா? வேணாம்மா, பாதியில வீடு மாத்துற மாதிரி இருக்கும். முதல்ல இந்த மிஷின்லயே எழுதிட்டு, அப்புறம் மொத்தமா மேல ஏத்துறதா? சட்டுனு சேவ் ஆயிடுமா? அட, இதை யாரும் சொல்லலையே. ஆனா அப்படி எழுதினா மேல அந்த வட்டம் வருமா? அதாம்மா, மூலையில பாரு. பச்சை வட்டம் நான். பக்கத்துல ஊதா, உள்ளார அவ பேரோட முதல் எழுத்து. அவளும் திறந்திருந்தா அது தெரியும். வராதா? அப்ப வேணாம். மெதுவாவே போகட்டும்.

முதல்லெல்லாம் கீழயே பதில் எழுதுவா. நான் ஒரு வரி தட்டுறதுக்குள்ள அவ பொலபொலன்னு கொட்டிடுவா. ஏம்மா, உனக்கு முற்றுப்புள்ளின்னு ஒண்ணு இருக்குறதே தெரியாதான்னு ஒரே கிண்டல். அப்புறம் வேலை மாறிச்சு, குழந்தை வந்துச்சு. எழுத நேரமில்ல, வட்டம் மட்டும் வந்து நிக்கும். நான் தட்டுறதை நிறுத்திட்டு அதையே பாத்துக்கிட்டிருப்பேன், படிக்கிறா போலன்னு. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி. அது போதாதா? அப்புறம் அதுவும் கொஞ்சம் கொஞ்சமா... அவளைக் குறை சொல்லலம்மா. அவளுக்கு வேலை ஒண்ணா ரெண்டா.

ஆமா, இப்ப ஊதா இருக்குதான். அதனாலயும் லேட்டாகுமா? ரெண்டு இடத்துல திறந்திருந்தா ரெண்டையும் ஒத்துப் பாத்துப் பாத்து சேக்கணுமா? அடடா. இல்லல்ல, அவளுக்கெல்லாம் போன் பண்ண வேணாம். மூடச் சொல்லவும் வேணாம். போனைக் கீழ வை கண்ணு, வையேன்.

அது அவ இல்ல.

அவ விட்டுட்டுப் போன பழைய போன். சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்கு. அவ கணக்கு இன்னும் அதுலயே இருக்கு போல. ஒருநாள் தூசி தட்டுறப்போ கை பட்டு இந்த ஃபைல் திறந்துக்கிச்சு. எனக்குத் தெரியல. இங்க வந்து பாத்தா ஊதா நிக்குது. வந்துட்டியான்னு தட்டினேன், தட்டிக்கிட்டே இருந்தேன். பதில் இல்ல. அப்புறம் தண்ணி குடிக்கப் போனப்பதான் பாக்குறேன், நான் தட்டினதெல்லாம் அங்க அந்தப் போன்ல வரிசையா நிக்குது.

அதுலேருந்து எழுத உக்காருறதுக்கு முன்னாடி அதையும் திறந்து வச்சுடுவேன். ஒத்தையா பச்சை மட்டும் நின்னா கை ஓட மாட்டேங்குது.

லேட்டானா ஆகட்டும், எனக்கென்ன அவசரம். நீ போட்டோவை மட்டும் சின்னதாக்கு. நான் போய் டீ போட்டுக்கிட்டு வரேன். எப்படியும் உள்ள போகணும், அந்தப் போனை அப்பப்பத் தொட்டு விடலேன்னா திரை அணைஞ்சு ஊதா போயிடும்.